ஊற்றுக்குக் காவல்

கோவையிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஒரு கிறிஸ்தவ வீட்டில் பொழுது பெரும்பாலும் ஒரு வசனத்தோடுதான் விடிகிறது. முன்பு அது சுவரில் தொங்கிய வசன நாட்காட்டியில் இருந்தது. இப்போது பூவோ சூரிய உதயமோ போட்ட படத்தின் மேல் எழுதப்பட்டு, விடிவதற்கு முன்பே சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. அதன்பின் ஒரு சிறு ஜெபம். நேரம் வாய்த்தால் வேதத்தில் ஓர் அதிகாரம், அல்லது ‘நமது அனுதின மன்னா’ போன்ற தியானப் புத்தகத்தில் ஒரு பக்கம். இரவில் குடும்ப ஜெபம். கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை. எதற்காக இதெல்லாம் என்று கேட்டால், இருதயத்தைக் காத்துக்கொள்ள, விசுவாசம் தளர்ந்துபோகாமல் இருக்க என்பார்கள். நீதிமொழிகள் நான்காம் அதிகாரத்தின் 23ஆம் வசனத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். அன்றாடப் பழக்கம் வேண்டுமா வேண்டாமா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி அல்ல. வேண்டும் என்பதே என் முடிவு. இன்று நாம் பழகிவரும் விதம் எதை, எதனிடமிருந்து காக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தால், காலையில் செய்யவேண்டிய பாதியை நாம் விடாமல் பிடித்துக்கொண்டு, இரவில் செய்யவேண்டிய பாதியைக் கைநழுவவிட்டிருப்பது தெரிகிறது.

அந்த வசனத்திலிருந்தே தொடங்கலாம். அது பெரும்பாலும் தனியாகத்தான் மேற்கோள் காட்டப்படுகிறது. தனியாகக் கேட்டால், இருதயம் ஒரு கோட்டை போலவும், உலகம் அதை முற்றுகையிட்ட படை போலவும் மனத்தில் ஒரு சித்திரம் எழும். சினிமா, கெட்ட சிநேகம், வேறு மார்க்கத்தாரின் பழக்கங்கள் இவையெல்லாம் உள்ளே நுழையாமல் கதவடைப்பதே காவல் என்று ஆகிவிடும். ஆனால் வசனம் இருதயத்துக்குக் கொடுக்கும் உவமை கோட்டை அல்ல, ஊற்று. அதிலிருந்து வாழ்வு புறப்பட்டுப் போவதால்தான் அதைக் காக்கச் சொல்கிறது. அடுத்த நான்கு வசனங்களைப் படித்தால் ஐயமே இராது. வாயில் புரட்டு வேண்டாம், கண் நேரே பார்க்கட்டும், கால் போகும் வழியைச் சீர்தூக்கிப் பார், தீமையிலிருந்து காலை விலக்கு என்று அவை சொல்கின்றன. நாக்கு, கண், கால் ஆகிய மூன்றும் உள்ளிருப்பது வெளியே வரும் வழிகள். எபிரேய மூலத்தில் ‘லேவ்’ என்னும் சொல் உணர்ச்சியை மட்டும் குறிப்பதல்ல. சிந்திப்பதும் தீர்மானிப்பதும் அந்த இடத்தில்தான். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு செய்த வாதமும் இதுவே: வெளியிலிருந்து உள்ளே போவது மனிதனைத் தீட்டுப்படுத்துவதில்லை, உள்ளிருந்து வெளியே வருவதுதான் தீட்டுப்படுத்துகிறது. ஆக, காவலாளி திரும்பி நிற்க வேண்டிய திசை எது என்பதிலேயே நமக்குப் பிழை நேர்ந்திருக்கிறது.

கொங்குநாட்டுக்காரர்களுக்கு இதை நொய்யல் ஆற்றை வைத்து விளக்குவது எளிது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணை 1992இல் முடிந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் இறங்கிக்கொண்டே இருந்ததால், பயிருக்கு நீர் தர வேண்டிய அணை சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியானது. சுற்று வட்டாரக் கிணறுகள் கெட்டன. அணையின் சுவரில் எந்தக் குறையும் இல்லை. மேலே வாய்க்காலில் என்ன விடப்படுகிறது என்பதை யாரும் காக்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது முன்வைக்கப்பட்ட நியதி, கழிவை ஆற்றில் துளியும் விடக்கூடாது, வெளியேற்றுகிறவரே அதற்குப் பொறுப்பு என்பதுதான். இருதயக் காவலுக்கும் இந்த நியதி பொருந்தும். நம்மைச் சுற்றி எவ்வளவு உயரமாகச் சுவர் எழுப்புகிறோம் என்பதைவிட, நம்மிடமிருந்து அக்கம்பக்கத்துக்கு என்ன ஓடுகிறது என்பதே அளவுகோல்.

பழக்கத்தின் பலத்தை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இது புதிதாக வந்த வழக்கம் அல்ல. தானியேல் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்ததாக வேதம் சொல்கிறது. ஆதித் திருச்சபையின் கையேடான ‘டிடாக்கே’ கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. கொங்குநாட்டிலும் இதன் வேர் ஆழமானது. 17ஆம் நூற்றாண்டிலேயே மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்கள் கருமத்தம்பட்டியில் காலூன்றினார்கள். அங்குள்ள திருத்தலம் ஜெபமாலை அன்னையின் பெயரைத் தாங்கியிருப்பது தற்செயல் அல்ல. எழுத்தறியாதவர்களின் கையில் கொடுக்க ஒரு சங்கீதப் புத்தகம் தேவைப்பட்டது. ஜெபமாலையில் 150 சங்கீதங்களுக்கு ஈடாக 150 மணி மன்றாட்டு அமைந்தது. 1830இல் லண்டன் மிஷனின் அடிஸ் கோவைக்கு வந்தபின் சீர்திருத்தத் திருச்சபை மரபில் அச்சிட்ட வேதமும் பள்ளிக்கூடமும் பழக்கத்தின் கருவிகளாயின. ஈரோட்டில் பணி செய்த எச்.ஏ. பாப்லி தமிழிசையைக் கற்று, இந்திய இசை பற்றி 1921இல் நூலே எழுதியவர். கதாகாலட்சேப முறையில் பாட்டோடு சுவிசேஷம் சொன்னவர். மணியை உருட்டியும் ஏட்டைப் புரட்டியும் பாட்டாகப் பாடியும், வழிகள் வேறானாலும் நோக்கம் ஒன்றே. தேவ வசனம் நினைவில் தங்க வேண்டும். நினைவில் தங்கியது நாவிலும் கையிலும் இறங்க வேண்டும்.

பழக்கம் என்றாலே உயிரற்ற சடங்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. மனம் வரும்போது ஜெபித்தால்தானே உண்மை என்பார்கள். மனம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் அதற்குப் பதில். காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலியைப் பாருங்கள். ஒரே நாளில் நட்டு, மறுநாள் மாட்டை விட முடியாது. குச்சி ஊன்றி, வேர் பிடித்து, ஆண்டுதோறும் வெட்டிக் கவாத்துச் செய்து, இடைவெளி விழுந்த இடத்தில் மறுபடி நட்டு வளர்ப்பது அது. மேய்ச்சல் நிலம் அதனால் நிற்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக வரும் அளவுக்குப் பழக சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணிக்கப்பட்டது. ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவு. ஒருநாள் வேத வாசிப்பு தவறினால் அன்று நடக்கும் தீமைக்கெல்லாம் அதுவே காரணம் என்று நடுங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயங்கள் பூட்டப்பட்டு, உயிர்த்தெழுந்த ஞாயிறுகூட வீட்டுக்குள்ளேயே கழிந்தபோது, குடும்ப ஜெபம் பழகிய வீட்டில் ஆராதனை நிற்கவில்லை. பழகாத வீட்டார் யாரோ பேசும் காணொலிக்கு முன் உட்கார்ந்தார்கள். நெருக்கடி வந்தபின் நட்டுப் பயனில்லை. அதற்கு முன்பே வேர் பிடித்திருக்க வேண்டும்.

இனிக் குறைக்கு வருகிறேன். முதற்பெரும் குறை வாக்குத்தத்த வசனம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் ஆண்டுக்கொரு வாக்குத்தத்தம் அட்டையாக அச்சிட்டுக் கொடுக்கப்படுகிறது. வீட்டு நிலைப்படியிலும் கடைக் கல்லாவிலும் வண்டிக் கண்ணாடியிலும் அது ஒட்டப்படுகிறது. வேதத்தில் ஒரு வரியையாவது ஓராண்டு முழுக்கக் கண்முன் வைத்திருப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான், அந்த வரி தன் இடத்திலிருந்து பிடுங்கப்படாமல் இருந்தால். இந்த அட்டைகளில் அடிக்கடி காணப்படும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். உங்களைப் பற்றி நான் வைத்திருப்பது சமாதானத்துக்கான நினைவுகளே என்று கடவுள் சொல்வது அதன் சாரம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் நடுவே வருகிறது. சீக்கிரம் விடுதலை என்று சொல்லித் திரிந்த தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்கிறது அந்தக் கடிதம். ஏழாம் வசனம், உங்களைச் சிறைபிடித்த அந்த நகரத்தின் நன்மையைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள், அது நன்றாயிருந்தால்தான் நீங்களும் நன்றாயிருப்பீர்கள் என்கிறது. பத்தாம் வசனம் எழுபது ஆண்டு கழியும் என்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பலர் ஊர் திரும்ப மாட்டார்கள் என்பதே அதன் பொருள். அட்டையில் பத்தும் இல்லை, ஏழும் இல்லை. நகரத்தின் நலனைத் தேடச் சொன்ன கடிதத்திலிருந்து நம் வீட்டு நலனுக்கு மட்டும் ஒரு வரியை வெட்டி எடுத்துக்கொண்டோம். அந்த வரியைப் பொய்யான தீர்க்கதரிசிகள் சொன்ன அர்த்தத்திலேயே வாசிக்கவும் தொடங்கிவிட்டோம். இது சிறிய பிழை அல்ல.

ஏன் இது இருதயக் காவலுக்கு எதிரானது? நாமே தேர்ந்தெடுத்த, அல்லது நமக்குப் பிடிக்கும் என்று பிறர் தேர்ந்தெடுத்த வசனத்தை மட்டுமே நாள்தோறும் கேட்டால், நம் விருப்பமே கடவுளின் குரலில் நமக்குத் திரும்பி வருகிறது. நம்மைக் கடிந்துகொள்ளும் வரி ஒருநாளும் நம் முறைக்கு வராது. தொடர்ந்து ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கும் பழைய முறைக்கும், திருச்சபை நாட்காட்டியில் குறித்த பாடங்களை அந்தந்த நாளில் வாசிக்கும் முறைக்கும் உள்ள மேன்மை இதுதான்: அங்கே நமக்குத் தேர்வு இல்லை. யாக்கோபின் நிருபத்தில் ஐந்தாம் அதிகாரம் வரும் நாளில், வயலறுத்தவனுக்குக் கொடாத கூலி கூக்குரலிடுகிறது என்ற செய்தியை, கூலி பாக்கி வைத்திருக்கிறவனும் வாசித்தே ஆக வேண்டும். தமிழில் இன்னொரு தடையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் போவர் தலைமையில் திருத்தப்பட்ட மொழிபெயர்ப்புதான் சீர்திருத்தச் சபைகளில் இன்றும் புழங்குகிறது. அதன் ஓசை நெஞ்சில் நிற்கும் ஓசை. அதை இழக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் புரியாமல் ஓதுவதும் பக்தியென்று பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பை அருகில் வைத்துக்கொண்டு வாசித்தால் பல வசனங்கள் திடீரென்று குத்தத் தொடங்கும். குத்துவது நல்லது.

அட்டை தாயத்தாக மாறுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: ஜெபித்துவிட்டேன், ஆகையால் காக்கப்பட்டேன் என்ற எண்ணம். 1535இல் மார்ட்டின் லூத்தர் தம் முடிதிருத்துநரான பீட்டர் பெஸ்கெண்டார்ஃபுக்கு, எப்படி ஜெபிப்பது என்று ஒரு சிறு நூல் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து, அதில் கற்கவேண்டியது என்ன, நன்றி சொல்லவேண்டியது என்ன, அறிக்கையிடவேண்டியது என்ன, வேண்டிக்கொள்ளவேண்டியது என்ன என்று நான்கு இழையாகப் பின்னச் சொன்னார். அன்றாட ஜெபத்துக்கு இதைவிட எளிய, நேர்மையான வழிகாட்டி அரிது. அதே ஆண்டு உயிர்த்தெழுந்த பண்டிகையையொட்டி, விருந்தில் குடிபோதையில் பீட்டர் தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றான். லூத்தர் முதலானோர் பரிந்து பேசியதால் உயிர் தப்பி நாடு கடத்தப்பட்டான். ஜெபம் பயனற்றது என்று காட்ட இதைச் சொல்லவில்லை. நூல் எவ்வளவு நன்றாயிருந்தாலும், அதை எழுதியவர் யாராயிருந்தாலும், ஜெபம் ஒருவனுக்குத் தானாக வேலை செய்யும் கவசம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. லூத்தர் சொன்ன நான்கு இழைகளில் மூன்றாவதை, அறிக்கையிடுதலை, நாம் எவ்வளவு வேகமாகக் கடந்துபோகிறோம் என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்த குறை யாருக்காக இந்தப் பழக்கம் வடிவமைக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. அதிகாலை, தனியறை, மூடிய கதவு, அமைதி, கையில் வேதம், பக்கத்தில் குறிப்பேடு. 1954இல் தொடங்கிய இந்திய நற்செய்தி மாணவர் ஐக்கியம் கல்லூரி விடுதிகளில் பரப்பிய தியான வேளையின் சித்திரம் இது. மாணவனுக்கும் ஆசிரியருக்கும் அது பொருந்தும். மில்லில் இரவு ஷிப்டு முடித்து ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவனுக்கு அதிகாலை என்பது தூங்கப்போகும் நேரம். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவருக்குத் தறிச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவதே கேட்காது. ஒற்றை அறை வீட்டில் நாலைந்து பேர் படுத்திருக்க, முதலில் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பனியன் கம்பெனி வண்டிக்கு ஓடும் பெண்ணுக்கு மூட ஏது கதவு? அவளை ஆவிக்குரிய வாழ்வில் பின்தங்கியவள் என்று மேடையிலிருந்து குற்றப்படுத்துவது அநியாயம். மரபு இதற்கு வழி வைத்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவே கடவுளோடு பேசப் பழகியவர். ஜெபமாலைக்குக் கதவும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். பேருந்தில் நின்றுகொண்டே சொல்லலாம். சீர்திருத்தச் சபையார் மணி உருட்ட வேண்டியதில்லை. ஆனால் மனப்பாடமாக ஒரு சங்கீதத்தைக் கையோடு வேலைக்குக் கொண்டுபோகும் பழக்கத்தைக் கத்தோலிக்க அயலாரைப் பார்த்து மீட்டெடுக்கலாம்.

நாம் தொலைத்த இரவுப் பாதி எது என்று இனிச் சொல்லியாக வேண்டும். கோவையில் ஒரு நல்ல வியாபாரி இரவில் கல்லாவை எண்ணி, நாள்வழியில் எழுதி, வரவும் செலவும் இடித்தால் எங்கே இடிக்கிறது என்று பார்க்காமல் கடையைப் பூட்ட மாட்டார். காலையில் சாமி படத்துக்கு முன்போ சிலுவைக்கு முன்போ கும்பிட்டுக் கடை திறந்தது அந்தக் கணக்குக்கு ஈடாகாது என்று அவருக்குத் தெரியும். ஆன்மிகத்தில் இதற்குப் பெயர் ஆன்ம சோதனை. கருமத்தம்பட்டிக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்த இயேசு சபையின் நிறுவனர் இக்னேசியஸ் லொயோலா தம் சபையாருக்கு எது தவறினாலும் தவறக்கூடாது என்று வைத்த பழக்கம் அது. முதலில் அன்றைய நாளுக்காக நன்றி. பிறகு அந்த நாளை மணிக்கு மணி நினைத்துப் பார்ப்பது: யாரிடம் என்ன பேசினேன், எதைக் கண்டும் காணாமல் போனேன், எங்கே கடவுள் அருகில் இருந்தார், எங்கே நான் விலகினேன். பிறகு மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். எகிப்தியப் பாலைவனத் துறவிகள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். 399இல் இறந்த எவாக்ரியஸ், மனத்துக்குள் நுழையும் எட்டு வகைத் தீய எண்ணங்களைப் பிரித்துக் காட்டியவர். இருதயக் காவல் என்ற சொல்லையே வளர்த்தெடுத்த அந்த மரபில், சீடன் தன் எண்ணங்களை ஒரு மூப்பரிடம் திறந்து சொல்லியாக வேண்டும். தனக்குத் தானே காவலாளியாக இருப்பது போதாது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். நம் இரவுக் குடும்ப ஜெபத்தில் வேண்டுதல் பட்டியல் நீளமாக இருக்கிறது. நாளின் கணக்கு இல்லை. வீட்டுத் தலைவர் பிள்ளைகளுக்கு முன்னால் இன்று நான் இன்னாரிடம் அநியாயமாகக் கோபப்பட்டேன் என்று சொல்வது எத்தனை வீடுகளில் நடக்கும்?

அப்படிக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் என்ன வெளியே வரும் என்பதும் நமக்குத் தெரிந்ததே. கொங்குநாட்டில் முதலில் வருவது கூலியும் சாதியும். ஏசாயா 58ஆம் அதிகாரம் உபவாசத்தைக் கண்டிப்பது அது உபவாசம் என்பதற்காக அல்ல. உபவாச நாளிலேயே வேலையாட்களை ஒடுக்கினார்கள் என்பதற்காக. மூன்று ஆண்டு வேலை செய்தால் கடைசியில் மொத்தமாகத் தொகை என்று சொல்லிச் சிறு பெண்களை மில் விடுதிகளில் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டம் இதே மண்ணில்தான் நடந்தது. அந்தப் பெண்களுக்கான ஜெபம் எத்தனை சபைகளின் உபவாசக் கூடுகைகளில் ஏறெடுக்கப்பட்டது? சாதியைப் பற்றிக் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே, தென்னிந்தியச் சபைகளில் அது உடனடியாக, முற்றிலும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை எழுதினார். அதன்பின் எத்தனையோ தலைமுறை அதிகாலையில் எழுந்து வேதம் வாசித்திருக்கிறது. ஆனாலும் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் எழுந்தது. மணமகள் தேவை விளம்பரங்களில் விசுவாசத்துக்குப் பக்கத்திலேயே சாதிப்பெயர் அச்சாகிறது. நாள்தோறும் இருதயத்தைக் காத்தவர்களின் இருதயத்திலிருந்துதான் இதுவும் புறப்பட்டது.

இதற்கு மாறாகக் கோவையின் சொந்த வரலாற்றிலேயே ஒருவர் இருக்கிறார். 1840களில் புதுச்சேரியிலிருந்து கோவை மறைத்தளம் பிரிந்தபோது அதன் பொறுப்பை ஏற்ற ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக், இந்தியர்களே குருக்களாகவும் ஆயர்களாகவும் வர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். சாதி வழக்கங்களையும் உள்ளூர்ச் சடங்குகளையும் திருச்சபை எந்த அளவுக்கு அனுமதிக்கலாம் என்ற ‘மலபார் சடங்கு’ விவகாரம் அவர் மனச்சான்றை அறுத்துக்கொண்டே இருந்தது. 1855இல் அவர் பதவி துறந்ததற்கு அது முக்கியமான காரணங்களில் ஒன்று. ஊர் திரும்பியவர் ஓய்ந்திருக்கவில்லை. 1856இல் லியோனில் ஆப்பிரிக்க மறைபோதகச் சபையைத் தொடங்கினார். 1859 ஜூன் 25 அன்று ஃபிரீடவுனில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார். அவர் எடுத்த முடிவு சரியா என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடலாம். தன் கையொப்பத்தோடு வெளியே போகும் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்டுக்கொண்ட இருதயம் அது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஜெபத்துக்குள் அரசியலைக் கொண்டுவராதீர்கள், ஆவிக்குரிய காரியத்தைச் சமூகக் காரியமாக்காதீர்கள் என்று மறுப்பு வரும். ஏசாயாவும் யாக்கோபும் கொண்டுவந்ததைத்தான் நானும் எடுத்துவைத்தேன். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கிருபையால் இரட்சிக்கப்பட்டவனை மறுபடியும் கணக்கேட்டுக்கு அடிமையாக்குகிறாயே என்பது அது. இதில் உண்மை உண்டு. இக்னேசியஸே 1522இல் மன்ரேசாவில் ஓயாத பாவ அச்சத்தால் அலைக்கழிந்தவர். லூத்தருக்கும் மடத்தில் அதே துன்பம் இருந்தது. அளவு மிஞ்சிய சுயசோதனை மனத்தைப் புண்ணாக்கும். அதனால்தான் இக்னேசியஸ் நன்றியிலிருந்து தொடங்கச் சொல்கிறார், குற்றப்பட்டியலிலிருந்து அல்ல. என் யோசனையின் அபாயம் இதையும் தாண்டிப்போகிறது. வீட்டில் அடிபடும் பெண்ணிடம், உன் இருதயத்தைக் காத்துக்கொள், கசப்பை விடு, இன்னும் ஜெபி என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நம் சபைகளில் உண்டு. அவளிடம் போய் ஆன்ம சோதனை செய் என்பது காயத்தின் மேல் கல்லை வைப்பது. இரவுக் கணக்கு யாரிடம் அதிகாரம் இருக்கிறதோ அவரிடமிருந்து தொடங்க வேண்டும்: கணவர், முதலாளி, மாமியார், போதகர், மூப்பர். அடிபட்டவளுக்கு வேண்டியது சோதனை அல்ல, பாதுகாப்பு. சபை அவளை முதலில் அந்த வீட்டிலிருந்து காக்கட்டும்.

அயலாரைப் பற்றியும் ஒரு சொல். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் கிறிஸ்தவர் 6.12 விழுக்காடு; ஈரோடு, நாமக்கல் பக்கம் அதைவிடவும் குறைவு. சிறுபான்மைக்கு அன்றாடப் பழக்கம் ஓர் அடையாளக் கயிறு. அது அறுந்தால் பிள்ளைகள் கரைந்துபோவார்கள் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் அச்சம் காவலாளியாக நின்றால் பக்கத்து வீட்டுப் பொங்கல்கூட ஆபத்தாகத் தெரியும். படையல் உணவு பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது மூன்று அதிகாரங்கள் நிதானமாக வாதித்தார். நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். 1997 நவம்பர்க் கலவரத்தில் தொடங்கி 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 உயிர்களைப் பறிகொடுத்த கோவை, அயலானை அஞ்சுவதும் வெறுப்பதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்த்த நகரம். நகரத்தின் நன்மையைத் தேடச் சொன்ன எரேமியாவின் ஏழாம் வசனம் இந்த ஊருக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. தினசரி ஜெபத்தில் மூன்று அயலாரின் பெயர் இருக்கட்டும். அவர்கள் மனம் மாற வேண்டும் என்று மட்டுமல்ல, அவர்கள் நன்றாயிருக்க வேண்டும் என்றும்.

வரும் டிசம்பர் 31 இரவுக்கு அட்டை அச்சடிக்கக் கொடுக்கப்போகும் போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். அட்டையின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. முன்பக்கத்து வசனம் இருக்கும் அதிகாரத்தின் எண்ணையும், இரவில் கேட்டுக்கொள்ள ஒரே ஒரு கேள்வியையும் அங்கே அச்சிடுங்கள்: இன்று என்னால் யாருக்கு என்ன நேர்ந்தது? ஏற்கெனவே எரேமியா அட்டையை வீட்டில் ஒட்டியிருக்கிறவர்கள் அதைக் கிழிக்க வேண்டாம். அந்த அதிகாரத்தில் 32 வசனங்கள் இருக்கின்றன. அட்டையில் இருப்பது ஒன்று. மற்ற 31ஐயும் இன்றிரவு குடும்பமாக உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள்.